தேடிக் கிடைக்காத முன்தீர்ப்புகளுடன் மனு தாக்கல் செய்யலாமா?

செய்யாதீர்கள், உங்கள் மனுவுக்காக சாட்ஜிபிடி தந்த மூன்று முன்தீர்ப்புகளும் (முந்தைய வழக்குகளின் தீர்ப்புகள்) எந்தத் தீர்ப்புத் தொகுப்பிலும் கிடைக்கவில்லை என்றால், அவற்றை நீக்கிய பிறகே மனுவைத் தாக்கல் செய்யுங்கள். சீனியர் வழக்கறிஞர் அவசரப்படுத்துவார்தான், ஆயினும் நீதிமன்றத்தைத் தவறாக வழிநடத்திய பொறுப்பு கையொப்பமிட்டவரையே சேரும்.

பெரும்பாலும் அவை இல்லாத வழக்குகளாகவே இருக்கும். வழக்குப் பெயர், ஆண்டு, பக்க எண் ஆகியவை வழக்கமாக அமையும் விதத்தைப் பின்பற்றி, அம்மென்பொருள் புதிதாக ஒன்றை எழுதிவிடுகிறது. உண்மைதானா என்று அதனிடமே கேட்பதிலும் பயனில்லை: ஏவியன்கா விமான நிறுவனத்துக்கு எதிரான நியூயார்க் வழக்கில் வழக்கறிஞர் ஒருவர் அப்படிக் கேட்டு, அது சொன்ன பதிலை நம்பியது 2023-இல் 5,000 டாலர் அபராதத்தில் முடிந்தது.

உச்ச நீதிமன்றத் தீர்ப்பென்றால் அந்நீதிமன்றத்தின் இணையத் தீர்ப்புத் தொகுப்பான இ-எஸ்சிஆர் தளத்தில் தரப்பினர் பெயரைக் கொண்டு தேடி, மேற்கோள் பத்தியை வரிக்கு வரி ஒப்பிடுங்கள். வழக்கு உண்மையாகவே இருந்தாலும், எதிர்த்தரப்பு வாதம் நீதிமன்றத்தின் முடிவாகக் காட்டப்பட்டிருக்கலாம்.