ஞாயிற்றுக்கிழமை வாங்கிய கீரை வெள்ளிக்கிழமை குப்பைக்குப் போவது ஏன்?

கேள்வி: வீட்டில் நாலு பேர். நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். ஞாயிற்றுக்கிழமை சூப்பர் மார்க்கெட் போய் வாரம் முழுக்கத் தேவையான காய்கறி வாங்கிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை பார்த்தால் கொத்தமல்லி அழுகி, கீரை மஞ்சளாகி, மாவு புளித்துக் கிடக்கிறது. குப்பையில் கொட்டும்போது மாமியார் பார்க்கிற பார்வை வேறு. எனக்குத் திட்டம் போடத் தெரியவில்லையா?

பதில்: நன்றாகவே தெரிகிறது, அதுதான் சிக்கல். பட்டியல் போட்டு வாங்குவது ஞாயிற்றுக்கிழமை நீங்கள். சமைப்பது புதன் இரவு எட்டு மணிக்குக் களைத்துப் போய் வீட்டுக்குள் நுழைகிற நீங்கள். ஞாயிற்றுக்கிழமைக்காரிக்கு முருங்கைக்கீரை ஆய நேரம் இருக்கிறது, புதன்கிழமைக்காரி போனை எடுத்து பரோட்டா ஆர்டர் செய்கிறாள், கீரை பாவம், அங்கேயே கிடக்கிறது.

நீங்கள் மட்டும் இல்லை. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கைப்படி 2022இல் கடைகளிலும் ஓட்டல்களிலும் வீடுகளிலுமாக உலகம் வீணாக்கிய உணவு 105 கோடி டன், அதில் 60 சதவீதம் வீடுகளில். இந்திய வீடுகளின் கணக்கு தலைக்கு ஆண்டுக்கு சுமார் 55 கிலோ. (வாழைப்பழத் தோல், முட்டை ஓடு, மீன் முள் எல்லாம் இதில் அடக்கம், பதற வேண்டாம்.)

கடையும் சும்மா இருப்பதில்லை. ஒரு கட்டு போதும் என்று போனவரை, 'இரண்டு எடுத்தால் ஒன்று இலவசம்' மூன்று கட்டோடு அனுப்புகிறது. ஆப்பில் வாங்கினாலும் இதே கதைதான், டெலிவரி கட்டணத்தைத் தவிர்க்க இன்னும் நாற்பது ரூபாய்க்கு எதையாவது சேர்க்கிறோம். அப்புறம் 'பத்தாமல் போய்விட்டால்?' என்று உலையில் கூடுதலாக ஒரு டம்ளர் அரிசி போடுகிற பயம். விருந்தாளிக்குக் குறை வைக்கக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம், இதை ஒரே நாளில் விட முடியாது.

அதனால் வாரத்தின் முதல் மூன்று நாளுக்கு மட்டும் கீரை, காய் வாங்குங்கள். மிச்சத்தை புதன்கிழமை தெருமுனைக் கடையில் கால் கிலோ, அரை கிலோவாக வாங்கலாம். கிலோவுக்கு ஐந்து ரூபாய் கூடப் போனாலும் கொட்டுவதைவிட லாபம். கீரைப் பக்கத்தில் ஆப்பிள், பழுத்த வாழைப்பழம் வைக்காதீர்கள், அவை விடுகிற எத்திலீன் வாயு கீரையைச் சீக்கிரம் மஞ்சளாக்கும். கொத்தமல்லியை ஈரம் போக உலர்த்தி, துணியில் சுற்றி டப்பாவில் வையுங்கள்.

கேள்வி: ரவை பாக்கெட்டில் 'பெஸ்ட் பிஃபோர்' தேதி தாண்டி ஒரு வாரம் ஆகிறது. கொட்டிவிடவா?

பதில்: அவசரப்படாதீர்கள். 'பெஸ்ட் பிஃபோர்' என்பது சுவையும் தரமும் குறையாமல் இருக்கும் என்று கம்பெனி சொல்கிற நாள். 'எக்ஸ்பைரி' அல்லது 'யூஸ் பை' வேறு, அது தாண்டினால் சாப்பிடக் கூடாது. சில பாக்கெட்டில் இரண்டும் இருக்கும், பார்த்துப் படியுங்கள். முதல் தேதி மட்டும்தான் தாண்டியிருக்கிறது என்றால் ரவையைச் சலித்து, வண்டு, புழு, சிக்கு வாடை இல்லை என்றால் வறுத்து உப்புமா கிண்டுங்கள். பால், பனீரில் மட்டும் இந்தத் துணிச்சல் வேண்டாம்.

இன்னொன்று, கடையில் எல்லோரும் கையை உள்ளே விட்டுப் பின்னால் இருக்கும் புதுப் பாக்கெட்டைத்தான் எடுக்கிறோம். இன்றைக்கே செய்யப் போகிறீர்கள் என்றால் முன்னால் இருப்பதையே எடுங்கள்.