அமெரிக்காவின் இல்லினாய், மிசிசிப்பி ஆற்றங்கரைக் காடுகள்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: சார், 200 வருஷத்துக்கு முன்னால் அங்கே என்ன மரம் இருந்தது என்று எப்படித் தெரியும்? யாராவது போய் எண்ணினார்களா?

கிட்டத்தட்ட எண்ணினார்கள், நிலத்தை விற்பதற்காக. 1785 நிலச் சட்டத்துக்குப் பிறகு அரசு சர்வேயர்கள் நாட்டை ஒரு மைல் சதுரங்களாகப் பிரித்துக்கொண்டே மேற்கே போனார்கள். மூலையிலும் அரை மைலிலும் கம்பம் நட்டு, அது காணாமல் போனாலும் இடம் தெரிய வேண்டுமே என்று பக்கத்து மரங்களில் குறி வெட்டி, என்ன மரம், எவ்வளவு பருமன், எந்தத் திசை, எத்தனை லிங்க்ஸ் தூரம் (நம் ஊர் பழைய அளவையில் வரும் அதே லிங்க்ஸ்தான், ஒன்று சுமார் 20 செ.மீ.) என்று நோட்டில் எழுதி வைத்தார்கள். 20 லிங்க்ஸில் மரம் கிடைத்தால் காடு. 200 லிங்க்ஸ் தள்ளி ஒற்றை ஓக் என்றால் புல்வெளி. மரமே இல்லையா, மண்ணைக் குவித்து அடையாளம் வைத்தார்கள். குறி வெட்ட வசதியான மரத்தையே அவர்கள் தேடியிருக்கலாம், அதனால் எந்த மரம் எத்தனை சதவீதம் என்ற கணக்கை நான் கண்ணை மூடிக்கொண்டு நம்ப மாட்டேன்.

கேள்வி: ஆற்றோரம் என்றால் முழுக்கக் காடுதானே அண்ணா?

இல்லை தம்பி, படுகையிலேயே, அதாவது வெள்ளம் ஏறும் தாழ்நிலத்திலேயே, பெரிய ஈரப் புல்வெளிகள் இருந்தன. பூர்வகுடிகள் வைத்த தீ, மேற்குக் காற்றோடு ஓடிவந்து ஆற்றில் முட்டி நிற்கும். அதனால்தான் பல இடங்களில் கிழக்குக் கரையில் மரம் அதிகம்.

கேள்வி: ஒரே படுகைக்குள் மரம் ஏன் இடத்துக்கு இடம் மாறுகிறது?

ஓரிரண்டு அடி உயரம்தான் காரணம். வெள்ளம் புதிதாகப் போட்ட மணல் திட்டில் வில்லோவும் காட்டன்வுட்டும் வரும், அவற்றின் பஞ்சு விதைக்கு உயிர் சில வாரம்தான், அதற்குள் வெயில் படும் வெறும் ஈரமண் கிடைத்தாக வேண்டும். தாழ்வில் சில்வர் மேப்பிள், எல்ம். கொஞ்சம் மேடான பழைய கரைகளில் பெக்கான், பின் ஓக். கரைக்குன்றுகளில் தீ ஏறும் சரிவுகள் ஓக்குக்கும் ஹிக்கரிக்கும், தீ எட்டாத ஈரப் பள்ளங்கள் சுகர் மேப்பிளுக்கு.

கேள்வி: அப்போ தீயும் வெள்ளமும் இல்லாமல் இருந்தால் காடு இன்னும் செழித்திருக்குமே?

இதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். நடந்தது நேர்மாறு. தீயை நிறுத்தியதும் மெல்லிய பட்டை மேப்பிள் மேட்டில் ஏறி நிழல் கட்டியது, ஓக் கன்றுக்கு வெளிச்சம் இல்லை. தீயில் கருகினாலும் வேரிலிருந்து திரும்பத் துளிர்க்கிற மரம் ஓக், நிழலில்தான் தோற்கிறது. கீழே படுகையில் கதை வேறு. 1900இல் சிகாகோ கால்வாய் மிச்சிகன் ஏரித் தண்ணீரை இல்லினாய் ஆற்றுக்குத் திருப்பியது, நீர்மட்டம் உயர்ந்து படுகையில் பெக்கானும் பின் ஓக்கும் நின்றபடியே செத்தன. 1930களில் கப்பல் போக்குவரத்துக்குக் கட்டிய அணைகள் கோடையிலும் தண்ணீரை இறங்கவிடவில்லை. வந்து வடிகிற வெள்ளத்தை அந்த மரங்கள் தாங்கும், வடியாததைத் தாங்காது. அப்புறம் எல்ம் மரங்களைக் கொல்லும் டச்சு எல்ம் நோய் வேறு. மிஞ்சியது பெரும்பாலும் சில்வர் மேப்பிள்.

கேள்வி: 1993 வெள்ளம் பழைய காட்டைத் திரும்பக் கொண்டுவந்ததா?

இல்லை, கோடை முழுக்க நின்ற தண்ணீர் அது. மேட்டில் தப்பியிருந்த ஹேக்பெரி, ஓக் மரங்களும் நிறைய போயின. புதிய மண்ணில் வில்லோ நன்றாக வந்தது. ஓக் வேண்டுமென்றால் இப்போது மேடு பார்த்து கையால் நட வேண்டியிருக்கிறது.