ராங்க் லிஸ்ட் முடியும் தேதி என்ன?

கேள்வி: எங்களுக்குப் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். என் மகள் தமிழ் வழி எல்.பி. (தொடக்கப்) பள்ளி ஆசிரியர் பணிக்கான கேரள பி.எஸ்.சி. (அரசுப் பணியாளர் தேர்வாணையம்) ராங்க் லிஸ்டில் இருக்கிறாள். அவளுக்கு முன்னால் இருவர்தான் மீதி. இன்னும் நான்கு மாதத்தில் லிஸ்ட் முடிகிறது. எங்கள் சுற்றுவட்டாரப் பள்ளிகளிலேயே அந்த இடங்களில் தினக்கூலி ஆசிரியர்களை வைத்து ஓட்டுகிறார்கள். எத்தனை காலியிடம், ஏன் நிரப்பவில்லை, தினக்கூலியில் இருப்பவர்களின் சான்றிதழ்கள் என்னென்ன என்று கேட்டு நான் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டேன். கெடு தாண்டி, மலையாளத்தில், ‘தொகுக்கப்படவில்லை’ என்று பதில் வந்தது. முதல் மேல்முறையீட்டிலும் அதையே சொன்னார்கள். நேரில் போனபோது ஓர் ஊழியர், ‘தமிழ்நாட்டுக்குப் போய் வேலை தேடுங்கள்’ என்றார். மாநிலத் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடும், பதில் தந்த தகவல் அதிகாரி மீது தனியாக ஒரு புகாரும் கொடுத்திருக்கிறேன். இப்போது ‘புகாரை விட்டுவிடுங்கள், கோப்பைக் காட்டுகிறோம்’ என்று ஆள் விடுகிறார்கள். நான் விடுவதாக இல்லை. அவருக்கு 25,000 ரூபாய் அபராதமும் எனக்கு இழப்பீடும் கிடைக்க வழி சொல்லுங்கள்.

பதில்: உங்கள் கடிதத்தில் சட்டத்துக்கு வேண்டியது ஒரே ஒரு வரி: நான்கு மாதத்தில் லிஸ்ட் முடிகிறது. அதை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்.

அந்த ஊழியர் சொன்னது கேவலமான பேச்சு. ஆனால் அதற்குச் சாட்சியும் இல்லை, அதனால் உங்கள் மகளுக்கு ஒரு வேலையும் வராது. மலையாளத்தில் பதில் வந்ததையும் குறையாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் சித்தூர் தாலுகா தமிழ்ச் சிறுபான்மைப் பகுதி என்பதால் தமிழில் பதில் கேட்கும் உங்கள் கோரிக்கை நியாயம்தான். இந்த வழக்கில் அதை எழுப்பினால் இன்னொரு தவணை ஓடும், அவ்வளவே. 25,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டாலும் அது அரசுக் கணக்குக்குப் போகும். உங்கள் கைக்கு ஒரு காசு வராது. இழப்பீடு வேண்டுமென்றால் இன்ன நஷ்டம் என்று காட்ட வேண்டும். மன உளைச்சலுக்கு ரசீது கிடையாது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பி.எஸ்.சி. ராங்க் லிஸ்டின் ஆயுள் குறைந்தது ஓராண்டு, அதிகபட்சம் மூன்றாண்டு. அந்த ஆயுளுக்குள் துறை எந்தக் காலியிடத்தைப் பி.எஸ்.சி.க்குத் தெரிவிக்கிறதோ அதற்குத்தான் அட்வைஸ் மெமோ, அதாவது இவரை நியமிக்கலாம் என்ற பி.எஸ்.சி.யின் பரிந்துரைக் கடிதம் வரும். பள்ளியில் நாற்காலி காலியாகக் கிடப்பது வேறு, அது பி.எஸ்.சி.க்குத் தெரிவிக்கப்படுவது வேறு. தெரிவிக்காமலே லிஸ்ட் முடிந்துவிட்டால் அந்த இடம் அடுத்த லிஸ்ட்காரர்களுக்குப் போய்விடும். லிஸ்டில் பெயர் இருப்பதால் மட்டும் வேலைக்கு உரிமை வராது என்று உச்ச நீதிமன்றம் 1991-இல் சங்கர்சன் தாஷ் வழக்கிலேயே சொல்லிவிட்டது.

என்னிடம் வருபவர்கள் திரும்பத் திரும்ப விழும் குழி இதுதான். தகவல் ஆணையத்தில் வழக்கு நடக்கிறது என்ற தைரியத்தில் வீட்டில் உட்கார்ந்திருப்பார்கள். ஆணையம் அதன் வேகத்தில் நகரும். கடைசியில் உத்தரவு வரும், தகவலும் வரும்: ஆமாம், இத்தனை இடம் காலியாக இருந்தது, தெரிவிக்கவில்லை. அந்தக் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவார்கள். லிஸ்ட் முடிந்து பல மாதம் ஆகியிருக்கும். அரசு வேலை வழக்குகளை விசாரிக்கும் நிர்வாகத் தீர்ப்பாயத்தில் முதல் கேள்வி, ‘லிஸ்ட் உயிரோடு இருந்தபோது எங்கே போயிருந்தீர்கள்?’ என்பதாக இருக்கும். தகவல் மனு போட்டிருந்தோம் என்பது அதற்குப் பதில் ஆகாது. தகவல் ஆணையம் தகவல் தரச் சொல்லலாம். காலியிடத்தைத் தெரிவிக்கச் சொல்ல அதற்கு அதிகாரம் இல்லை. அங்கே மனு நிலுவையில் இருப்பதால் லிஸ்டின் ஆயுள் ஒரு நாள்கூட நீளாது. தாமதமாக வந்த பதில் செத்துப்போன உரிமைக்கு உயிர் கொடுக்காது என்பதற்கு 2008-இன் சி. ஜேக்கப் வழக்குத் தீர்ப்பையே எதிர்த்தரப்பு எடுத்துப் போடும்.

இரண்டாவது குழி, நீங்கள் கேட்ட கேள்விகள். ‘ஏன் நிரப்பவில்லை’ என்பது தகவல் கேட்பதாகாது, விளக்கம் கேட்பதாகும். அலுவலகத்தில் இல்லாத புள்ளிவிவரத்தை உங்களுக்காகத் தொகுத்துத் தர வேண்டியதில்லை என்று 2011-இல் ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ‘தொகுக்கப்படவில்லை’ என்ற பதில் அதிலிருந்து பிறந்ததுதான். எழுதியவர் விவரம் தெரிந்தவர். தினக்கூலிக்காரர்களின் சான்றிதழ் கேட்டதோ வீண் வேலை. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைத் திருத்திய பிறகு, தனிநபர் தகவல் என்று ஒரு வரி எழுதி மறுப்பது இன்னும் சுலபமாகிவிட்டது. தவிர, அவர்கள் உங்கள் எதிரிகளும் அல்லர். தனியாகக் கொடுத்த புகாரிலும் பலன் இல்லை: அதே சட்டத்தின் 18-ஆம் பிரிவுப் புகாரில் தகவல் தரும்படி ஆணையம் உத்தரவிட முடியாது என்று மணிப்பூர் வழக்கில், அதுவும் 2011-இல், தீர்ப்பாகியிருக்கிறது.

அதனால் ஆள் விட்டுக் கேட்கிறார்களே, அதற்கு ஒப்புக்கொள்ளுங்கள். புகாரை விட்டுக்கொடுத்துக் கோப்பை வாங்குவது இந்த நிலையில் மிக நல்ல பேரம். வாய்ச்சொல்லை மட்டும் நம்ப வேண்டாம். ஆவணங்களை நேரில் பார்வையிட அனுமதிப்பதாகவும் நகல் தருவதாகவும் தேதி போட்டுக் கடிதம் வாங்குங்கள். நகல் கைக்கு வந்த பிறகு புகாரைத் திரும்பப் பெறுங்கள். இரண்டாம் மேல்முறையீட்டை மட்டும் லிஸ்ட் முடியும் வரை அப்படியே விட்டுவையுங்கள்.

அங்கே எடுக்க வேண்டியவை: இந்தக் கல்வியாண்டின் பணியிட நிர்ணய உத்தரவு, அந்த இடங்களில் கடைசியாக இருந்த நிரந்தர ஆசிரியர் ஓய்வு பெற்ற அல்லது மாறிய தேதி, தினக்கூலி நியமன உத்தரவு, பி.எஸ்.சி.க்குப் போன காலியிட அறிக்கைகள். மூன்றாவது மிக முக்கியம். குறுகிய விடுப்பில் போனவர் இடத்தில் தினக்கூலி வைத்திருந்தால் அது பி.எஸ்.சி.க்குத் தெரிவிக்க வேண்டிய காலியிடமாக இல்லாமல் போகலாம். இடமாற்றத்துக்காக ஒதுக்கி வைத்திருக்கிறோம் என்றும் துறை சொல்லும். சொன்னால் அதையும் எழுத்தில் வாங்குங்கள். பி.எஸ்.சி.க்குத் தனியாக ஒரு மனுப் போட்டு, இந்த லிஸ்டுக்கு எந்தெந்தத் தேதியில் எத்தனை இடம் தெரிவிக்கப்பட்டது, அட்வைஸ் வந்தும் சேராதவர்களின் இடம் எத்தனை என்று கேளுங்கள். இது பதிவில் இருக்கும் தகவல், தொகுக்க வேண்டியதில்லை.

கணக்கையும் சரியாகப் போடுங்கள். முன்னால் இருவர் என்றால் சாதாரணமாக மூன்று இடம் வேண்டும். அதிலும் இடஒதுக்கீட்டுச் சுழற்சி குறுக்கே வரும். பொதுப் பிரிவும் ஒதுக்கீடும் மாறி மாறித்தான் போகும். உங்கள் மகளின் முறை எங்கே நிற்கிறது என்று பார்க்காமல் வழக்குப் போட்டு, ஜெயித்தும் வேலை பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக, இத்தனை காகிதத்திலும் நீங்கள்தான் இருக்கிறீர்கள். உங்கள் மகள் எங்கும் இல்லை. தகவல் கேட்க யாருக்கும் உரிமை உண்டு, ஆனால் வேலை கேட்க அவர் மட்டும்தான் வர முடியும். இந்த வாரமே கல்வித் துணை இயக்குநருக்கும் பி.எஸ்.சி.க்கும் அவர் கையெழுத்தில், சேர்ந்ததற்கான ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் ஒரு கோரிக்கை போகட்டும். சாதாரணமாகப் பதிலுக்கு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும் என்கிறது நிர்வாகத் தீர்ப்பாயச் சட்டம். உங்களுக்கு அவ்வளவு காலம் இல்லை. லிஸ்ட் முடியும் தேதியைக் காரணம் காட்டி, இரண்டு மூன்று வாரத்தில் கேரள நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போய்விட வேண்டும். லிஸ்ட் முடிவதற்குள் காலியிடத்தைத் தெரிவிக்கும்படி இடைக்கால உத்தரவு கேட்பதுதான் அங்கே முக்கியமான கோரிக்கை. நேராக உயர் நீதிமன்றம் போகலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 1997-இன் சந்திரகுமார் தீர்ப்புக்குப் பிறகு முதல் கதவு தீர்ப்பாயம்தான். வக்காலத்தில் மகள் கையெழுத்துப் போட வேண்டும். ராங்க் லிஸ்ட் அமலுக்கு வந்த தேதியும் அவருடைய இடஒதுக்கீட்டுப் பிரிவும் முதல் நாளே கையில் இருக்கட்டும்.