90 விநாடி வால்ட்ஸ்

அன்புள்ள ஆசிரியருக்கு,

டொராண்டோவில் வசிக்கிறேன். வயது 52. ஒன்றரை ஆண்டாக இங்கே ஒரு நடனக்கூடத்தில், இருவர் ஜோடியாக ஆடும் பால்ரூம் நடனம் கற்றுவருகிறேன். வாரம் ஒரு தனி வகுப்பு, 45 நிமிடம். வால்ட்ஸும் ரும்பாவும் ஓரளவு வந்துவிட்டன. ஃபாக்ஸ்ட்ராட் இன்னும் தடுமாற்றம்தான். வெள்ளிக்கிழமை மாலைகளில் நடக்கும் பொது நடனத்துக்கும் போகிறேன். முன்பின் தெரியாத ஒருவர் அழைத்தாலும் தயங்காமல் எழுந்து ஆட வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. இப்போது ஆசிரியர், மாணவர்கள் மேடையேறும் வசந்தகால நிகழ்ச்சியான ஷோகேஸில் தன்னோடு 90 விநாடி வால்ட்ஸ் ஆடச் சொல்கிறார். தயாராக 12 வகுப்புகள் ஆகுமாம். மேடைக் கட்டணம், உடை எல்லாம் தனி. மூன்று மாதமும் ஒரே பாட்டுக்கா என்று மனம் அடித்துக்கொள்கிறது. “மகளின் அரங்கேற்றத்துக்கு அள்ளி இறைத்தவள் இதற்குக் கணக்குப் பார்க்கிறாயே” என்று கணவர் சிரிக்கிறார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

எம். ஆர்.

அன்புள்ள எம். ஆர்.,

தாராளமாகக் கணக்குப் பாருங்கள். நானும் பார்த்தேன். போட்டிகளில் வால்ட்ஸ் இசை நிமிடத்துக்கு 28 முதல் 30 பார் வேகத்தில் ஒலிக்கும். மூன்று எண்ணிக்கை கொண்ட ஓர் ஆவர்த்தனம் ஒரு பார். 30 என்றே வைத்துக்கொண்டால் உங்கள் 90 விநாடியில் 45 பார். 12 வகுப்புகளுக்கு 540 நிமிடம். ஆக, ஒரு பாருக்கு 12 நிமிடம்.

வழக்கமான வகுப்பில் எந்த ஆசிரியரும் ஒரு பாருக்கு 12 நிமிடம் தரமாட்டார். மாணவருக்கு வாராவாரம் புது ஸ்டெப் வேண்டும், அவரும் கொடுத்துவிடுவார். பழையது அரைகுறையாக நின்றுவிடும். வால்ட்ஸில் உடல் எப்போது எழ வேண்டும்? முதல் எண்ணிக்கையின் முடிவில் தொடங்கி, இரண்டிலும் மூன்றிலும் வளர்ந்து, மூன்றின் கடைசியில் தாழ வேண்டும். சொல்லிவிட ஒரு வரி போதும், உடலில் ஏற மாதங்கள் ஆகும். பெரும்பாலானவர்கள் முதல் எண்ணிக்கையிலேயே எம்பிவிடுகிறார்கள். அதன்பிறகு போக இடமில்லாமல் இரண்டிலும் மூன்றிலும் வெறுமனே நிற்கிறார்கள். தாங்கும் காலை முழுதாகப் பயன்படுத்துவது, பின்னோக்கி வைக்கும் அடியை இடுப்பிலிருந்து நீட்டுவது, துணைவரின் தோளில் பாரம் போடாமல் கைகளின் சட்டகத்தைக் காப்பது, இவையெல்லாம் இப்படித்தான். ஷோகேஸுக்கான 12 நிமிடம் இவற்றில் செலவானால் அதைவிட லாபமான வகுப்பு உங்களுக்கு அமையாது. வெள்ளிக்கிழமை யார் கைபிடித்தாலும் அந்தத் தேர்ச்சி உங்களோடு வரும்.

ஆனால் அதே 12 நிமிடம் “அடுத்து எது, அதற்கடுத்து எது” என்ற மனப்பாடத்திலும் கரைந்துபோகலாம். நான் பார்த்தவரை அப்படிக் கரைவதே அதிகம். ஜோடியில் ஒருவர் நடத்துவார், மற்றவர் பின்தொடர்வார். உங்களைப் போல் பின்தொடர்ந்து ஆடுபவருக்கு அதில் பண நஷ்டத்தைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. வரிசை மனத்தில் பதிந்ததும், நடத்துபவரின் உடல் சொல்வதற்கு முன்பே உங்கள் கால் கிளம்பிவிடும். ஆசிரியருக்கும் அது வசதி, நடத்தும் வேலை மிச்சம். மூன்று மாதம் இப்படிப் பழகிவிட்டு வெள்ளிக்கிழமை போனால், புதிய துணைவர் இடப்பக்கம் திருப்ப நினைக்கும்போது நீங்கள் வலப்பக்கம் பாதி தூரம் போயிருப்பீர்கள்.

மேடைக்கும் பொது நடனத்துக்கும் தளமும் வேறு. பொது நடனத்தில் எல்லா ஜோடிகளும் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றிவர, முன்னால் இருப்பவரை இடிக்காமல், மூலையில் திசை மாற்றி ஆட வேண்டும். ஷோகேஸில் தளம் முழுக்க உங்களுடையது. பார்வையாளர் இருக்கும் பக்கம் நோக்கியே எல்லாம் அமையும். முடிவில் ஆசிரியரின் கையில் பின்னால் சாய்ந்து தொங்கும் ‘டிப்’ ஒன்று வேறு இருக்கும். அதற்கு மட்டும் இரண்டு வகுப்புகளை விழுங்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். நெரிசலான தளத்தில் அதைச் செய்தால் பின்னால் வருபவர் உங்கள் தலைமேல் ஏறிவிடுவார்.

கணவரின் ஒப்பீடு எனக்குப் பொருந்திவரவில்லை. பரதத்தில் வர்ணம் முன்பே அமைக்கப்பட்ட உருப்படி. அதைப் பாடம் செய்து ஆடுவதே அந்தக் கலை, ஆகவே அரங்கேற்றத் தயாரிப்பு என்பது கல்வியின் நேர்வழி. பால்ரூமில் முன்தீர்மானம் இல்லாமல் இருவர் சேர்ந்து அந்தக் கணத்தில் ஆடுவதும் பாதிக் கலை. இங்கிலாந்தில் 1920 முதல் நடக்கும் பிளாக்பூல் நடன விழாவின் போட்டிகளில்கூட, ஜோடிகள் தங்கள் வரிசையைப் பழகி வருவார்கள். ஆனால் எந்தப் பாட்டு ஒலிக்கும் என்பது அவர்கள் கையில் இல்லை, தளத்தில் வேறு ஜோடிகளும் குறுக்கே வருவார்கள். ஷோகேஸில் இந்த இரண்டு சிக்கலும் கிடையாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஷோகேஸ் நடனக்கூடத்துக்கு வருமானம். அதில் தவறில்லை, அவர்களும் வாடகை கட்ட வேண்டும். ஆனால் அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடமாக இருக்கும் ஒரு வழக்கு உண்டு. ப்ளோரிடாவில் ஒரு நடனப் பள்ளியினர், கணவரை இழந்த 51 வயதுப் பெண் ஒருவருக்கு, அபாரத் திறமை இருப்பதாகப் புகழ்ந்து புகழ்ந்தே ஏறக்குறைய 16 மாதங்களில் 14 பயிற்சித் தொகுப்புகளை விற்றார்கள் என்பது புகார். மொத்தம் 2,302 மணி நேரம், 31,090 டாலர். அவருக்குத் தாளமே சரியாகப் பிடிபடவில்லையாம். வழக்கை எடுத்த எடுப்பில் தள்ளியது சரியல்ல, விசாரிக்க வேண்டும் என்று 1968-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. உங்கள் ஆசிரியர் அந்த ரகம் என்று சொல்லவில்லை. ஷோகேஸ் முடிந்த இரவில், கைதட்டல் ஓயும் முன்பே அடுத்த தொகுப்புக்கான காகிதத்தை யாராவது நீட்டினால் மட்டும் வீட்டுக்கு வந்து கையெழுத்திடுங்கள்.

என் பதில்: ஒருமுறை ஆடுங்கள், நிபந்தனையோடு. ஏற்கெனவே தெரிந்த ஸ்டெப்களைக் கொண்டே நடனத்தை அமைக்கச் சொல்லுங்கள், புதிதாக ஒன்றிரண்டுக்கு மேல் வேண்டாம். வகுப்பின் கடைசிப் பத்து நிமிடம் வேறொரு வால்ட்ஸ் பாட்டைப் போட்டு, அதே ஸ்டெப்களை உங்களிடம் சொல்லாமல் வரிசை மாற்றி நடத்தட்டும். நீங்கள் பழைய வரிசையிலேயே ஓடினால் மனப்பாடம் முற்றிவிட்டது என்று உடனே தெரிந்துவிடும். உடைக்குக் கற்கள் பதித்த கவுன் தேவையில்லை, நன்றாகச் சுழலும் பாவாடை போதும். சேலை கட்டச் சொல்லி யாராவது ஆசை காட்டினால் மறுத்துவிடுங்கள். பின்னோக்கியே பாதி நடனம் போகிறது, குதிகாலில் சேலை மாட்டினால் 90 விநாடி தாங்காது.

அந்தப் பத்து நிமிடத்தைக் கேட்டதும் ஆசிரியர் முகம் சுளித்தால், 12 வகுப்புகளையும் ஃபாக்ஸ்ட்ராட்டுக்குக் கொடுத்துவிடுங்கள்.