மரச்சீனி இலை தின்ற ஆடு

வணக்கம். என் மகள் கால்நடை மருத்துவம் கடைசி வருஷம் படிக்கிறாள். அடுத்து மருந்தியலில் எம்.வி.எஸ்சி. சேர்ந்து ஆராய்ச்சிக்குப் போகப்போவதாகச் சொல்கிறாள். "மாட்டுக்கு ஊசி போடத்தானே படிக்க வைத்தோம்" என்று அவள் அப்பாவுக்கு வருத்தம். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஒரு வாசகி, திருவட்டாறு

அன்புள்ள சகோதரிக்கு,

எனக்குப் பத்து வயதிருக்கும். எங்கள் வெள்ளாடு கயிற்றை அறுத்துக்கொண்டு பக்கத்து விளையில் புகுந்து மரச்சீனி, அதாவது மரவள்ளிக்கிழங்குச் செடியின் இலையைத் தின்றுவிட்டது. கொஞ்ச நேரத்தில் மூச்சு இளைத்து, கால்கள் வெட்டி இழுத்துச் செத்துப்போனது. பாம்பு கடித்திருக்கும் என்றாள் அம்மா.

பாம்பு இல்லை, சயனைடு. இலையில் அது சர்க்கரையோடு பிணைந்து கிடக்கிறது. அசைபோடும் பிராணிகளின் முதல் இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் அந்தப் பிணைப்பை வேகமாக உடைத்துவிடும். அப்புறம் ரத்தத்தில் ஆக்சிஜன் நிறைய இருந்தும் செல்களால் அதைப் பயன்படுத்த முடியாது. சோடியம் நைட்ரைட் ஊசி போட்டால் ஹீமோகுளோபினில் ஒரு பகுதி மாறி, சயனைடைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கூடவே போடும் சோடியம் தயோசல்ஃபேட் அதைச் சிறுநீரில் போகும் பொருளாக்கும். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் பலன் கூடுதல் என்று 1930-களில் கே.கே. சென் என்ற மருந்தியலாளர் நாய்களில் சோதித்துக் காட்டினார். ஊசி போடுகிறவர் கையில் அந்த மருந்து அப்படித்தான் வந்து சேர்ந்தது.

இன்னொன்றையும் அவள் அப்பாவிடம் சொல்லுங்கள். மாட்டின் வலிக்குப் போட்ட டைக்ளோஃபினாக், அந்த மாடு செத்தபின் அதைத் தின்ற பாறு கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. இது 2004-ல் தெரியவந்தது. 2006-ல் இந்தியாவில் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். தடை மட்டும் போதுமா? மாட்டுக்கு வலி இருக்கிறதே. மெலோக்சிகாம் என்ற இன்னொரு வலி மருந்தைக் கழுகுகளுக்கே கொடுத்துப் பார்த்து, ஆபத்தில்லை என்று ஆராய்ச்சியாளர்கள் சொன்ன பிறகுதான் டாக்டர்களுக்கு மாற்று கிடைத்தது.

வருமானம் பற்றிய கவலை நியாயமானது. முதுகலை 2 வருஷம், பிஎச்.டி.க்கு அதற்கு மேலும் ஆகும். உதவித்தொகையில் கையைக் கடித்துத்தான் ஓட்ட வேண்டியிருக்கும். பிறகு கல்லூரிகள், அரசு ஆய்வு நிலையங்கள், மருந்து கம்பெனிகள் என்று வழிகள் உண்டு. கால்நடை மருத்துவராகப் பதிவு செய்துகொண்டால் ஊசி போடும் உரிமையும் எங்கும் போகாது.

அவளை அனுப்புங்கள் என்பதுதான் என் எண்ணம். ஆனால் அப்பாவிடம் அவளே பேசட்டும். உங்கள் விளையிலும் மரச்சீனி நிற்கும், அங்கே உட்கார்ந்து, ஆடு ஏன் செத்தது என்பதிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.