மொபைல் எஃப்டிபி ஆப்பில் லாகின் ஆகிறது, ஆனால் ஃபோல்டர் காலியாகத் தெரிகிறது. ஏன்?

மன்னார்குடியில் கடையில் உட்கார்ந்து போனிலிருந்தே இணையதளப் படங்களை மாற்றப் பார்க்கிறீர்கள். லாகின் ஆகிவிட்டதால் பாஸ்வேர்டு சரிதான். சிக்கல் வேறு இடத்தில்.

எஃப்டிபி என்பது சர்வருக்கு, அதாவது உங்கள் தளம் இருக்கும் கணினிக்கு, ஃபைல்களை அனுப்பவும் எடுக்கவும் உதவும் முறை. அதில் இரண்டு இணைப்புகள் உண்டு. கட்டளைகள் பொதுவாக 21ஆம் போர்ட்டில் (சர்வரின் எண்ணிட்ட வாசல்) போகும். ஃபோல்டர் பட்டியல் வருவது தனி இணைப்பில். ஆக்டிவ் மோடில் அந்த இணைப்பைச் சர்வர்தான் உங்கள் போனை நோக்கித் திறக்க வேண்டும். மொபைல் டேட்டாவில் ஒரே ஐபி முகவரியைப் பலர் பகிர்வதால் அது பெரும்பாலும் வந்து சேராது. பந்தியில் உட்கார்ந்தாச்சு, இலையில் சோறு விழவில்லை என்கிற கதை. செட்டிங்கில் பாசிவ் மோடுக்கு மாற்றுங்கள். அப்போது போனே இரண்டையும் திறக்கும்.

அப்புறம், பாதை, அதாவது எந்த ஃபோல்டருக்குள் நிற்கிறீர்கள் என்பது. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிகிற மாதிரிதான் ஃபோல்டர்களும். வெண்ணாற்றுப் பக்கம் போய்விட்டுக் காவிரிக்கரை ஃபைலைத் தேடினால் கிடைக்காது. மேலே ஏறி வர வேண்டும். பட்டியலின் உச்சியில் இரண்டு புள்ளி தெரிந்தால், அதைத் தொட்டால் ஒரு படி மேலே. சற்று நேரம் சும்மா விட்டால் சர்வர் இணைப்பைத் துண்டிக்கும். மறுபடி நுழைந்தால் பல ஆப்களில் தொடக்க ஃபோல்டரில்தான் நிற்பீர்கள்.

பாதையைக் கையால் அடித்தால் ஆங்கிலப் பெரிய எழுத்து, சின்ன எழுத்தைக் கவனியுங்கள். லினக்ஸ் சர்வருக்கு இரண்டும் வேறு. தமிழில் இந்தத் தொல்லையே இல்லை!

சாதா எஃப்டிபியில் பாஸ்வேர்டு மறைக்கப்படாமல் போகும். சர்வரில் எஸ்எஃப்டிபி (எல்லாவற்றையும் மறைத்து அனுப்பும் வேறொரு முறை) இருந்தால் அதையே எடுங்கள், போர்ட் பொதுவாக 22. அதில் ஆக்டிவ், பாசிவ் தகராறும் கிடையாது.