க்ரூட்டன் பாக்கெட் வாங்கலாமா, மீந்த பிரெட்டே போதுமா? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: மீந்த பிரெட்டில் க்ரூட்டன் (சூப்பிலும் சாலட்டிலும் போடும் மொறுமொறு பிரெட் துண்டு) செய்தால் ஓரம் கருகுகிறது, நடுவில் மெத்தென்றே இருக்கிறது. பேசாமல் பாக்கெட் வாங்கிவிடலாமா?

பதில்: வேண்டாம். சூடு அதிகம், அவ்வளவுதான். ஒரு நாள் பழைய பிரெட்டை 2 செ.மீ. துண்டுகளாக வெட்டி, எண்ணெய் லேசாகப் படும்படி புரட்டி, தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி, ஓவனில் 180 டிகிரி செல்சியஸில் 10 முதல் 15 நிமிடம் வையுங்கள். நடுவில் ஒருமுறை கிளறிவிட வேண்டும். குவித்து வைத்தால் ஆவி போக வழியில்லாமல் நமுத்துப்போகும். ஓவன் இல்லையா, கனமான வாணலியும் சிறு தீயும் போதும். பூண்டை நறுக்கிச் சேர்க்காதீர்கள், பிரெட் சிவக்கும் முன்பே அது கருகிக் கசக்கும். எண்ணெயில் தட்டிப்போட்டுச் சூடாக்கி, வடிகட்டிச் சேர்த்தால் மணம் மட்டும் வரும். நன்றாக ஆறிய பிறகே டப்பாவில் மூடுங்கள்.

கேள்வி: ஓரத்தில் கொஞ்சம்தான் பூஞ்சை. வெட்டிவிட்டு வறுக்கலாமா?

பதில்: கூடாது. முழுவதையும் குப்பையில் போடுங்கள். கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே பரவியிருக்கும், சில பூஞ்சைகளின் நஞ்சு வறுத்தாலும் போகாது.

கேள்வி: ‘ஆலிவ் எண்ணெயில் செய்தது’ என்று போட்ட பாக்கெட் இரண்டு மடங்கு விலை. நம்பி வாங்கலாமா?

பதில்: முன்பக்கத்தை நம்பாதீர்கள், பாக்கெட்டைத் திருப்புங்கள். இந்த விஷயத்தில் எனக்குத் தீராத கோபம் உண்டு. ஆலிவ் கிளைப் படம் போட்ட ஒரு பாக்கெட்டை நானும் வாங்கினேன்; பின்னால் பொடி எழுத்தில் கோதுமை மாவு, பாமாயில், உப்பு, அதற்கும் அப்புறம்தான் ஆலிவ் எண்ணெய். பொருட்பட்டியலில் எடை அதிகமானது முதலில் வரும் என்பது பெரும்பாலான நாடுகளில் விதி. அப்படியானால் உப்புக்குப் பின்னால் நிற்கிற எண்ணெய் உப்பின் அளவைத் தாண்டாது, அந்தச் சொற்பத்துக்குத்தான் இரண்டு மடங்கு விலை கேட்கிறார்கள். பை உப்பலாக இருப்பதையும் பார்க்காதீர்கள். துண்டுகள் நொறுங்காமல் இருக்கக் கொஞ்சம் காற்று வேண்டும், சரி, ஆனால் நாம் காசு கொடுப்பது நிகர எடைக்கு. 100 கிராம் என்ன விலை என்று கணக்குப் போட்டு, அதே எடை பிரெட்டின் விலையோடு ஒப்பிடுங்கள்.

கேள்வி: ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்பதால் எப்போதும் இரண்டு பிரெட் வாங்குகிறேன். பிரிட்ஜில் வைத்தும் விறைத்துவிடுகிறது. எல்லாவற்றையும் க்ரூட்டன் ஆக்கவும் முடியவில்லை.

பதில்: சாப்பிட முடியாததை ஏன் வாங்குகிறீர்கள்? இலவசம் என்ற பலகை உங்கள் பசியைக் கேட்டு எழுதியதல்ல. பிரிட்ஜின் குளிரில் பிரெட்டில் உள்ள மாவுச்சத்து இன்னும் வேகமாக இறுகும், அதனால்தான் விறைக்கிறது. ஃப்ரீசரில் வையுங்கள், அல்லது ஒன்றோடு நிறுத்துங்கள்.

கேள்வி: தேதி முடியாத க்ரூட்டன் பாக்கெட், பிரித்ததும் எண்ணெய்ச் சிக்கு வாடை. ‘பிரித்ததை எடுத்துக்கொள்ள மாட்டோம்’ என்று கடையில் திட்டி அனுப்பிவிட்டார்கள்.

பதில்: பிரிக்காமல் வாடை எப்படித் தெரியும்? உங்கள் மேல் எந்தத் தவறும் இல்லை, கூசவே வேண்டாம். வெயிலிலோ சூட்டிலோ கிடந்தால் தேதிக்கு முன்பே எண்ணெய் கெட்டுப்போகும். பாக்கெட்டைத் தூக்கிப்போட்டுவிடாதீர்கள். தொகுதி எண், தேதி, ரசீது மூன்றையும் படம் எடுத்து, பாக்கெட்டில் இருக்கும் நுகர்வோர் சேவை முகவரிக்கு எழுதுங்கள். தொலைபேசியில் சொல்வதோடு விடாதீர்கள், எழுத்தில் இருக்கட்டும். கடைக்கும் அதன் நகல் ஒன்றைக் கொடுங்கள்.